சுபைறா கேட்ட நடுத்தீர்ப்பாளர்

சுபைறாவைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லப்படுவதில் பாதி பொய். பள்ளிவாசலை மதிக்காதவள், சொந்தக் குடியை அவமானப்படுத்தியவள், ஊர் வழக்கை வெளியாரிடம் கொண்டுபோனவள் என்று சாய்ந்தமருதில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மீதிப் பாதி உண்மைதான். ஆனால் அதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. சுனாமிக்குப் பின் வந்த வீட்டுத் திட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு வீடு கிடைத்தது, எங்கள் வீட்டுச் சுவரிலும் வெடிப்பு விழுந்தது. ஆகவே நடந்ததை எழுத எனக்கும் உரிமை இருக்கிறது.

சுபைறா சீமெந்துக் கல் செய்து விற்பவர். சுனாமிக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் அவருடைய கணவர். கடற்கரைப் பக்கம் கல் அடிக்கும் கொட்டகையாக இருந்த வாடியையும் கணவரையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. கல் அடிக்கும் மெஷின் மட்டும் கால் மைல் தள்ளி, ஒரு மதிலில் சாய்ந்தபடி கிடந்தது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்து வெளியே வந்த சுபைறா முதலில் செய்த வேலை, அந்த மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து உருண்டையாக, அழகாக இருக்கும்.

திரும்பப் போட்ட கல் வாடியில் அவரோடு நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் மூத்தவர் ஸைனம்பு. பகலில் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மற்ற நேரத்தில் கலியாணம் பேசுவார். ஊரில் எந்த வீட்டில் எந்தக் குடி என்பது அவருக்கு மனப்பாடம்.

குடி என்றால் என்ன என்று வெளியூரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது தாய்வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்ய மாட்டோம். தலைமுறை எத்தனை தள்ளியிருந்தாலும் அவர்கள் சகோதரர்கள். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் உண்டு. வழக்கு வந்தால் உன் குடி மரைக்காயர் உனக்காகக் கதைப்பார், எதிராளியின் மரைக்காயர் அவருக்காகக் கதைப்பார். பெண்ணின் வழக்கென்றால் அவள் வீட்டில் இருப்பாள். முடிவு வீட்டுக்கு வரும்.

2006இல் ஒரு வெளிநாட்டு நிறுவனம், வயலை நிரப்பி நாற்பது வீடு கட்டிக் கொடுக்க முன்வந்தது. கட்டும் ஒப்பந்தம், கொந்தராத்து, கிடைத்தது கல்முனை றாஸிக்குக்கு. கல் கொடுக்கும் வேலை சுபைறாவுக்கு வந்தது. றாஸிக்கின் விருப்பம் அதுவல்ல. சுனாமியில் கணவனை இழந்த பெண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதமாக நின்றதால் வந்த வேலை அது. அந்தக் கோபம் றாஸிக்குக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. லொறியில் கல் ஏற்ற வரும்போதெல்லாம் ஒரு கல்லைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு, அக்கா முறை சொல்லியே கேட்பார்.

"ராத்தா, இது கல்லா, பிஸ்கோத்தா?"

"பிஸ்கோத்து எண்டா ஒடஞ்சிரிக்குமே தம்பி. திருப்பிப் போட்டுப் பாருங்க" என்பார் சுபைறா.

அந்த வருட மாரி மழையில் வீடுகள் வெடித்தன. மூலையில் தொடங்கி, படிக்கட்டு மாதிரி ஏறி, யன்னலில் போய் முடியும் வெடிப்பு. பதினான்கு வீடுகளில் அப்படி. றாஸிக் நிறுவனத்துக்கு எழுதினார்: கல் தரமற்றது, கடல் மணலில் செய்தது. அதே கடிதத்தின் பிரதியைக் கரையோரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மற்ற எல்லாத் திட்டக் காரியாலயங்களுக்கும் அனுப்பினார். ஒரு கிழமைக்குள் கல் வாடிக்கு வருகிற லொறிகள் நின்றன. அடுக்கிய கல் அடுக்கியபடி பாசி பிடித்தது. நான்கு பெண்களில் இருவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். அந்தக் கடிதம் நிலைத்தால் வாடியைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கல் கொடுக்க றாஸிக்கோடு செய்த ஒப்பந்தத்தைச் சுபைறா எடுத்து வாசித்தார். ஆங்கிலப் பிரதியோடு தமிழ்ப் பிரதியும் இருந்தது. தகராறு வந்தால் ஒரு நடுத்தீர்ப்பாளரிடம் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மத்தியஸ்த சபை மாதிரி இருபக்கத்தையும் சமாதானம் செய்துவைக்கிறவர் அல்ல அவர். கேட்டு, பார்த்து, முடிவு எழுதுகிறவர். எழுதினால் இருவரையும் அது கட்டும். ஒரு தரப்பு பெயர் சொல்லலாம், மற்றத் தரப்பு ஏற்கலாம் அல்லது காரணம் காட்டி மறுக்கலாம். பதினான்கு நாட்களுக்குள் இருவரும் ஒரு பெயரில் உடன்படாவிட்டால், ஒருவர் கேட்டாலும் போதும், கொழும்பிலுள்ள பொறியியலாளர் சங்கத்தின் தலைவர் ஆளை நியமிப்பார்.

இந்த இடத்தில்தான் சுபைறா ஒரு பிழை விட்டார். எங்கள் ஊர் ஆட்கள் யாராக இருந்தாலும் அந்தப் பிழையை விட்டிருப்பார்கள். பெயர் சொல்லலாம் என்றதும், தனக்காகக் கதைக்கிற ஆளின் பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்தார். தன் குடி மரைக்காயர் கச்சிமுகம்மதுவின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கச்சிமுகம்மது அவருடைய பெரியும்மாவின் மகன், அண்ணன் முறை, எங்கள் பேச்சில் காக்கா.

கச்சிமுகம்மதுவுக்கு அது பெருமையாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல் வாடிக்கே வந்தார்.

"நீ ஒண்டுக்கும் யோசிக்காத. நான் கதச்சா றாஸிக் வாய் தொறக்க ஏலா."

"காக்கா, கல்லப் பத்தி ஒங்களுக்குத் தெரியுமா?"

"கல்லப் பத்தி என்னத்துக்குத் தெரியணும்? ஆளப் பத்தித் தெரிஞ்சாப் போதும்."

ஐந்தாம் நாள் றாஸிக்கின் பதில் வந்தது. தட்டச்சு செய்த கடிதம். 'தாங்கள் பிரேரித்தவர் தங்கள் குடியைச் சேர்ந்தவர். ஒரே குடியினர் இவ்வூர் வழக்கப்படி இரத்த உறவினர். எனவே அவர் பக்கச்சார்பற்றவராக இருக்க முடியாது.' அதன் கீழே தன் பக்கத்திலிருந்து ஒரு பெயரையும் பிரேரித்திருந்தார்: ஓய்வு பெற்ற பொறியியலாளர் மீராலெவ்வை. முப்பது வருட அனுபவம். எந்தத் தரப்போடும் எந்தத் தொடர்பும் இல்லாதவர்.

சுபைறாவுக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நடுத்தீர்ப்பாளர் என்றால் தன் ஆள் அல்ல, யாருடைய ஆளும் அல்லாதவர் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கச்சிமுகம்மது விலக வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மீராலெவ்வையை ஏற்பதா என்று ஸைனம்புவிடம் கேட்டார்.

ஸைனம்பு தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஆரு? மீராலெவ்வ இஞ்சினியரா? தொடர்பு இல்லண்டா எழுதிரிக்கான்?"

"ஓம். எழுதிரிக்கி."

"என்ட கால் தேஞ்சதே அந்தத் தொடர்பாலதான்டி. இஞ்சினியர்ர தங்கச்சிட மகள றாஸிக்ட தம்பிக்கு நான்தான் பேசினன். எல்லாம் சரி, வீடு சரி, நாள் வைக்கிற வேளையில இஞ்சினியர்ர உம்மா எழும்பிச் செல்றா, ரெண்டு பேரும் ஒரே குடி, இது கூடாதெண்டு. ஆறு மாசம் நடந்தன். பேசின கூலிக்கு ஒரு சீல கூடக் கெடைக்கல்ல."

கடதாசியில் பார்த்தால் றாஸிக்குக்கும் மீராலெவ்வைக்கும் ஒரு உறவும் தெரியாது. வாப்பாமாரின் பெயர்கள் வேறு, ஊரும் வேறு. உம்மாமாரின் குடியைக் கடதாசியில் எழுதுவதில்லை.

அன்றைக்கே சுபைறா பதில் எழுதினார். 'ஒரே குடியினர் இரத்த உறவினர் என்று தாங்களே எழுதியுள்ளீர்கள். தங்கள் தம்பிக்கும் திரு. மீராலெவ்வையின் சகோதரி மகளுக்கும் பேசிய கலியாணம் ஒரே குடி என்ற காரணத்தால் நின்றதை இவ்வூர் அறியும். எனவே தங்கள் காரணத்தையே காட்டி மறுக்கிறேன்.'

இந்தக் கடிதத்தால் றாஸிக் மட்டுமல்ல, மீராலெவ்வையின் குடும்பமும் பகையானது. நின்றுபோன கலியாணத்தைக் கடிதத்தில் எழுதுவதா என்று அந்த வீட்டுப் பெண்கள் ஸைனம்புவைத் தெருவில் மறித்து ஏசினார்கள். தன்னை விலக்கியதற்காகக் கச்சிமுகம்மது சுபைறாவோடு கதைப்பதை நிறுத்தினார். அப்படி இருந்தும், பதினான்காம் நாள் அவரே வாடிக்கு வந்தார். கூட வந்தவர் றாஸிக்.

"இத இதோட முடிப்பம்" என்றார் கச்சிமுகம்மது. "வெள்ளிக்கெழம பள்ளியில வெச்சிக் கதைக்கிறம். அவர்ர மரைக்காயர் இரிப்பார், நான் இரிப்பன்."

"நான் எங்க இரிக்கிற காக்கா?"

"நீ ஒன்ட ஊட்ட இரி. பொம்புளைக்கி அங்க என்ன?"

றாஸிக் சிரித்தார். "ராத்தா, நான் கடிதத்த வாபஸ் வாங்குறன். கல்லு கொஞ்சம் பிழ, நெலமும் கொஞ்சம் பிழ எண்டு எழுதி முடிச்சிருவம். நீங்களும் கொஞ்சம் எறங்கணுமே."

"கொஞ்சம் பிழ எண்டா எத்தின கல்லு?"

"அதெல்லாம் எண்ணவா ஏலும்?"

"எண்ண ஏலாதெண்டா எல்லாக் கல்லும்தானே பிழையாகும்" என்றார் சுபைறா.

இருவரும் போன பிறகு ஸைனம்பு மெதுவாகச் சொன்னார்:

"புள்ள, ஓமெண்டு செல்லிரிக்கலாம். அந்த ஹர்த்தால் கெழமக் கல்லு ஒனக்கு நெனவில்லையா?"

நினைவிருந்தது. கல் அடித்த பிறகு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பார்வைக்கு நல்ல கல், உள்ளே பலமில்லை. 2006 ஆவணியில் ஒரு கிழமை முழுக்க ஹர்த்தாலும் சுற்றிவளைப்புமாக இருந்தது. பெண்கள் வாடிக்கு வர முடியவில்லை. சுபைறா தனியாக ஊற்றினார், போதவில்லை. அந்தக் கல்லை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். றாஸிக்கின் லொறி அவசரப்படுத்தியது, சுபைறா ஏற்றிவிட்டார். ஏறத்தாழ மூன்று வீட்டுக்கான கல். பள்ளியில் கதைத்து முடித்தால் அது வெளியே வராது. தெரிந்த ஆள் வந்து பார்த்தால் வரும்.

மறுநாள் காலையில் சுபைறா கல்முனைத் தபாலகத்தில் நின்றார். நடுத்தீர்ப்பாளரை நியமிக்கும்படி கொழும்புக்குக் கடிதம் போனது.

ஒன்றரை மாதத்தின் பின் பதில் வந்தது. நியமிக்கப்பட்டவர் மட்டக்களப்பைச் சேர்ந்த செல்லத்தம்பி, ஓய்வு பெற்ற பொறியியலாளர்.

தமிழர் என்ற செய்தி அன்று அஸர் தொழுகைக்கு முன்பே ஊரெல்லாம் பரவிவிட்டது. 2007ஆம் ஆண்டு. கிழக்கில் சண்டை அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. மட்டக்களப்பு வீதியில் ஒவ்வொரு காவலரணிலும் இறங்கி ஏற வேண்டும். 1990இல் இரண்டு பக்கத்திலும் ஊர் ஊராக ஆட்கள் கொல்லப்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. கச்சிமுகம்மது வாடி வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"முஸ்லிமுட ஊட்டுச் சொவருக்குத் தமிழன்ட தீர்ப்பா? தொண்ணூறாம் ஆண்டு மறந்து போச்சா ஒனக்கு? ஒன்ட குடியில ஆம்புள இல்லையா?"

"இரிக்காங்க காக்கா. அவங்களத்தான் வேணாண்டு எழுதிட்டாங்களே."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அடுத்த நாள் வாடியின் பெயர்ப் பலகையில் யாரோ தார் பூசியிருந்தார்கள்.

அதோடு முடியவில்லை. இரண்டாம் கிழமை செல்லத்தம்பியிடமிருந்து இருவருக்கும் ஒரே கடிதம் வந்தது. 'என்னைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியவை' என்று தொடங்கியது. எனக்குச் சாய்ந்தமருதில் உறவினர் இல்லை. சுபைறாவை அறியேன். ஆனால் 1983இல் நான் மேற்பார்வை செய்த ஒரு பாலத்தில் றாஸிக்கின் தகப்பனார் உப கொந்தராத்துக்காரராக இருந்தார். எட்டு மாதம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் வீட்டில் ஒரு தரம் சாப்பிட்டிருக்கிறேன். அதன் பின் தொடர்பில்லை. இதைக் காரணமாகக் காட்டி மறுக்க விரும்பினால் பத்து நாட்களுக்குள் மறுக்கலாம்.

றாஸிக் மறுநாளே வந்தார். இந்த முறை தனியாக, மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமல், சீற்றில் இருந்தபடியே கதைத்தார். தன் வாப்பாவோடு வேலை செய்த ஆள் என்றாலும் றாஸிக்குக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏனென்று பிறகு எங்களுக்குத் தெரிந்தது: அந்தப் பாலத்தில் வாப்பா போட்ட ஒரு தூணைச் செல்லத்தம்பி இடித்துத் திரும்பக் கட்ட வைத்திருந்தார்.

"ராத்தா, ரெண்டு பேருமாச் சேந்து மறுத்தா ஆள் போயிருவார். ஒங்களுக்கும் நல்ல காரணம் கெடச்சிரிக்கி. எங்கட வாப்பாட சோத்தத் திண்ட ஆள்."

"நீங்க மறுக்கலாமே தம்பி."

"என்ட வாப்பாவக் காட்டி நான் மறுத்தா சிரிப்பாங்க. நீங்க எழுதுங்க. நான் சேந்து கையெழுத்து வைக்கிறன்."

சுபைறா அன்றிரவு செல்லத்தம்பியின் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தார். எதிராளி வீட்டில் சாப்பிட்டவர். அவரை நம்புவதா? ஊரே தன்னை விட்டு விலகியிருக்கிற நேரத்தில், அந்தச் சோறு ஒரு நல்ல காரணம்தான். மறுத்தால் கச்சிமுகம்மதுகூடத் திரும்பிக் கதைப்பார். ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள், 'ஆட்சேபனை இல்லை' என்று இரண்டே சொல் எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஏன்டி?" என்று ஸைனம்பு கேட்டார்.

"மீராலெவ்வ ஒளிச்சார். இவர் ஆரும் கேக்காமச் செல்லிரிக்கார். இருவத்திநாலு வருசத்துக்கு முந்தித் திண்ட சோத்தையே ஒளிக்காத மனிசன் எதத்தான் ஒளிப்பார்?"

விசாரணை நடந்தது திட்டத்திலேயே, ஒரு வெறும் வீட்டுக்குள். ஒரு மேசை, நான்கு கதிரை. செல்லத்தம்பி மெலிந்தவர், பஸ்ஸில் வந்து, கல்முனையிலிருந்து முச்சக்கர வண்டி பிடித்து வந்து இறங்கினார். றாஸிக் காரில் அழைத்துவருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டார். நாங்கள் வெளியே யன்னலோரம் கூடி நின்றோம். ஒருவரும் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர்கூடக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் குடித்திருக்க மாட்டார் என்று பிறகு சொல்லிக்கொண்டோம். ஆனால் அன்று கொண்டுவராததற்குக் காரணம் அதுவல்ல.

"நான் தோண்டிப் பாக்க முந்தி, உங்கட பக்கத்தில ஏதும் பிழை இருந்தாச் சொல்லலாம்" என்றார் செல்லத்தம்பி. "ரெண்டு பேருக்கும்தான் கேக்கிறன்."

"என்ட பக்கத்தில ஒரு பிழயும் இல்ல" என்றார் றாஸிக்.

சுபைறா முக்காட்டைச் சரிசெய்தார். "மூணு ஊட்டுக் கல்லுக்குத் தண்ணி காணாது சேர். ஹர்த்தால் கெழம அடிச்ச கல்லு. தெரிஞ்சுதான் ஏத்தினன்."

யன்னலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். றாஸிக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"எழுதுங்க சேர்! அவவே ஒப்புக்கொண்டிட்டா. இனி என்னத்தத் தோண்டுற?"

"எழுதிட்டன், இருங்கோ. இப்ப நீங்க சொல்லுங்கோ. வயலுக்குக் கிறவல் மண் போட்டு ரோலர் ஓடினதா?"

"ஓடிச்சு."

"எத்தினை தரம்?"

"வேணுமான அளவு."

"அதையும் எழுதிறன்" என்றார் அவர்.

தோண்டினார்கள். அவரே இடம் காட்டினார், ஆறு இடம். வெடித்த வீடுகளின் மூலையில் இரண்டடிக்குக் கீழே கிறவல் கையால் அள்ளும்படி கிடந்தது. அதன் கீழே நெல்லின் அடிக்கட்டைகூட உக்காமல் இருந்தது. வயலின் மேல்மண்ணை எடுக்காமல், ரோலரால் இறுக்காமல், அப்படியே மூடியிருக்கிறார்கள். சுவரில் வெடிப்பு கல்லைப் பிளந்து போகவில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து வழியாகப் போயிருந்தது. ஒவ்வொரு வரிசை வீட்டிலிருந்தும் கல் எடுத்து, இருவரும் பார்க்கக் கையெழுத்து வைத்து, நசுக்கிப் பார்க்க அனுப்பினார். கடல் உப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

2008 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. பதினான்கு வீட்டு வெடிப்புக்கும் காரணம் நிலம் இறங்கியது. அது றாஸிக்கின் பொறுப்பு. கல்லில் கடல் உப்பு இல்லை. தரமற்றது என்று அனுப்பிய கடிதத்தை, அனுப்பிய எல்லா இடங்களுக்கும் எழுதி அவர் வாபஸ் பெற வேண்டும். அதே தீர்ப்பில், மூன்று வீட்டுக் கல் பலம் குறைந்தது என்றும் இருந்தது. அந்த வீடுகள் வெடிக்காவிட்டாலும் சுவரைப் பிரித்து, சுபைறா தன் செலவில் புதுக் கல் கொடுக்க வேண்டும்.

அதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. "மறைச்சிருக்கலாம், தானாப் போய்ச் செல்லித் தலையக் குடுத்தா" என்றார்கள். "தமிழன் அவளுக்கும்தான் வெச்சான்" என்று கச்சிமுகம்மது பள்ளி வாசலில் சொல்லிச் சிரித்தாராம். பதினான்கு குடும்பங்களுக்குப் புது அத்திவாரம் கிடைத்ததைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அந்தப் பதினான்கில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் வீட்டிலும் சுபைறாவுக்கு யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வீட்டுக்குமான புதுக் கல்லுக்குச் சுபைறா பத்து நாள் தண்ணீர் ஊற்றி, லொறியில் திட்டத்துக்குக் கொண்டுவந்தார். றாஸிக்கின் ஆட்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

"எறக்கச் சொல்லுங்க தம்பி" என்றார் சுபைறா.

"தீர்ப்பில குடுக்கச் செல்லித்தான் இரிக்கி. எறக்குறது ஆரெண்டு இல்லையே" என்றார் றாஸிக்.

சுபைறா லொறியின் பின்பலகையைத் திறந்தார். ஸைனம்புவும் மற்றப் பெண்ணும் கீழே நின்று கை நீட்டினார்கள். லுஹர் தொழுகைக்கு முன் முதல் வீட்டுக் கல் முழுவதும் இறங்கிவிட்டது. அடுக்கி முடிந்ததும் சுபைறா எண்ணிப் பார்த்து, றாஸிக்கிடம் பற்றுச்சீட்டை நீட்டினார்.

"கையெழுத்து வைங்க."

அவர் வைக்கும் வரைக்கும் வெயிலில் நின்றார்.